ரோமாபுரிச் சிப்பாயின் சட்டை என்ன நிறம்?

ரோமாபுரிப் போர்வீரன் என்றதும் எல்லோர் கண்முன்னும் வந்து நிற்பது ஒரே உருவம்தான். தலையில் பளபளக்கும் தலைக்கவசம். அதன் உச்சியில் துடைப்பத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் சிவப்புக் குஞ்சம். மார்பில் இரும்புப் பட்டைகள். முழங்கால் வரை தொங்கும் ரத்தச் சிவப்பு அங்கி. கையில் ஆள் உயரத்தில் முக்கால் பங்கு வரும் சிவப்புக் கேடயம். அதில் மஞ்சள் நிறத்தில் மின்னல் கீற்று.

"பென்ஹர்", "கிளியோபாட்ரா" போன்ற படங்களைப் பெரிய திரையில் பார்த்தவர்களுக்கு இந்த உருவம் மனப்பாடம். ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டையைக் கண்டதும் "போர்ட்டர்!" என்று கூப்பிடுகிறோமே, அதுபோல் சினிமாவில் சிவப்பு அங்கியும் கேடயமும் தெரிந்தால் "ரோமாபுரிச் சிப்பாய்" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஆனால் அந்தச் சிப்பாய் உண்மையிலேயே சிவப்பு உடுத்தினானா? இதைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த விடை சினிமாக்காரர்களுக்குப் பிடிக்காது.

சாயம் போன தூண்

முதல் கஷ்டம், பார்த்துத் தெரிந்துகொள்ள வண்ணப் படம் இல்லை என்பது. ரோம் நகரின் நடுவில் டிராஜன் சக்கரவர்த்தியின் வெற்றித் தூண் நிற்கிறது. கி.பி. 113-ல் எழுப்பியது. அடியிலிருந்து நுனி வரை, சுருட்டிய பாயைச் சுற்றியதுபோல, டேசியா நாட்டுப் போர்க் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். சிப்பாயின் செருப்பு வார் முதல் கத்தியின் உறை வரை எல்லாம் தெரிகிறது. நிறம் மட்டும் தெரியவில்லை!

அந்தக் காலத்தில் ரோமர்கள் சிலைகளுக்கு வண்ணம் தீட்டுவது வழக்கம். நம் ஊர்க் கோபுரத்துச் சுதைகளைப்போல அவையும் பளிச்சென்று இருந்திருக்கும். ஆயிரத்து தொள்ளாயிரம் வருஷ வெயிலும் மழையும் அதைக் கழுவிவிட்டன. வெறும் வெள்ளைப் பளிங்கு மிஞ்சியது. பின்னால் வந்த ஓவியர்கள் அந்த வெள்ளையில் தங்கள் மனம் போனபடி சிவப்பைப் பூசினார்கள். சினிமா அவர்களைப் பார்த்துப் பூசியது.

ஆகவே நிறத்தைத் தேடியவர்கள் சிலையை விட்டுவிட்டுக் குப்பையைக் கிளறினார்கள். எகிப்து நாட்டின் வறண்ட மணல், காகிதத்தையும் கந்தலையும் அழியாமல் காப்பாற்றி வைத்திருந்தது.

நெசவாளர்களுக்கு வந்த ஆர்டர்

எகிப்தில் பிலடெல்பியா என்று ஒரு கிராமம். (அமெரிக்காவின் பிலடெல்பியா அல்ல; அதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கும் மேல் மூத்தது.) கி.பி. 138-ல் அந்த ஊர் நெசவாளர்களுக்கு அரசாங்கத்திடமிருந்து ஓர் ஆர்டர் வந்தது. இன்றைய துருக்கியில் இருக்கும் கப்படோக்கியாப் படைக்குத் துணி வேண்டும். நாணல் தாளில் எழுதிய அந்தப் பத்திரம் இன்றும் இருக்கிறது.

கைத்தறிச் சங்கத்துக்குச் சர்க்கார் கொடுக்கும் ஆர்டரைப் பார்த்தவர்களுக்கு அதைப் படித்தால் சிரிப்பு வரும். அவ்வளவு நறுக்கு! இடுப்பில் கட்டும் அங்கி ஒன்று, நிறம் வெள்ளை, நீளம் மூன்றரை முழம், அகலம் மூன்று முழம் நாலு விரல், எடை இவ்வளவு, முன்பணம் 24 டிராக்மா. சிரியா மாதிரிப் போர்வைகள் நான்கு, அவையும் வெள்ளை. ஒவ்வொன்றும் ஆறு முழ நீளம், நாலு முழ அகலம். இவை தவிர ராணுவ மருத்துவமனைக்கு ஒரு கம்பளம். அதுவும் வெள்ளை! கம்பளி நூல் மென்மையாக, அழுக்கு இல்லாமல், தூய வெண்மையாக இருக்க வேண்டும். நெருக்கமாக நெய்து ஓரம் கட்டியிருக்க வேண்டும். எடை குறையக் கூடாது.

சிவப்பு என்ற பேச்சே அதில் இல்லை.

எகிப்தில் செத்தவர்களின் முகத்தைப் பலகையில் வண்ணத்தில் எழுதி, சடலத்தோடு கட்டிப் புதைக்கும் வழக்கம் ரோமர் ஆட்சியிலும் இருந்தது. அந்த முகங்களில் வாள்வார் தோளில் தொங்கும் படைவீரர்களும் உண்டு. அங்கி வெள்ளை. யூப்ரடீஸ் நதிக்கரையில் தூரா-யூரோப்பஸ் என்ற கோட்டை நகரில், டெரன்ஷியஸ் என்ற படைத்தலைவன் தன் ஆட்களோடு தெய்வத்துக்குப் பூஜை செய்யும் சுவரோவியம் இருக்கிறது. சுமார் கி.பி. 239-ம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் வரிசையாக நிற்பவர்களின் அங்கியும் வெள்ளைதான். கையோரத்திலும் கீழேயும் கருஞ்சிவப்புக் கரை. கொடிக்காரன் பிடித்திருக்கும் கொடி மட்டும் நல்ல சிவப்பு.

கி.பி. 69-ல் விட்டெல்லியஸ் சக்கரவர்த்தி ரோமுக்குள் ஊர்வலமாக வந்தபோது, படையின் கழுகுச் சின்னங்களுக்கு முன்னால் மூத்த அதிகாரிகள் வெள்ளை உடையில் நடந்து வந்ததாகச் சரித்திர ஆசிரியர் டேசிடஸ் எழுதியிருக்கிறார்.

சம்பளத்தில் பிடித்தம்

வெள்ளைக்குக் காரணம் ரொம்ப லேசானது. ஆட்டு மயிரின் இயற்கை நிறம் வெள்ளை, அல்லது மங்கிய பழுப்பு. சாயம் போட்டால் செலவு. அந்தச் செலவு சிப்பாயின் தலையில் விழும்.

சர்க்கார் சும்மா உடை கொடுக்கவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டது! கி.பி. 81-ம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சம்பளக் கணக்கு எகிப்தில் கிடைத்து, இப்போது ஜெனீவா நகரில் இருக்கிறது. அதில் ஒரு சிப்பாயின் முதல் தவணைச் சம்பளம் 248 டிராக்மா. பிடித்தம்: வைக்கோலுக்கு 10, சாப்பாட்டுக்கு 80, செருப்புக்கும் வாருக்கும் 12, முகாமில் நடந்த பண்டிகைக்கு 20, துணிக்கு 60. ஆக 182. மிச்சம் 66. மூன்றாம் தவணையில் துணிக்கு மட்டும் 146 பிடித்தார்கள். வைக்கோல், சாப்பாடு, செருப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சரியாக 248. கைக்கு வந்தது பூஜ்யம்!

யூதர்களின் மசாடா மலைக்கோட்டையை முற்றுகையிட்ட படையைச் சேர்ந்த ஒரு குதிரைவீரனின் கணக்கும் இதே கதைதான். பெய்ரூட்டைச் சேர்ந்தவன். சம்பளம் 50 தினாரியஸ். குதிரைக்கு பார்லி 16, சாப்பாடு 20, செருப்பு 5, தோல் வார் 2, நாரில் நெய்த அங்கி 7. கூட்டினால் ஐம்பது. இப்படி இருக்கும்போது கருஞ்சிவப்பும் ஊதாவும் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

பிரிட்டன் எல்லையில் விண்டோலாண்டா என்ற முகாமில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரச்சில்லுக் கடிதங்களில் ஒன்று, யாரோ ஒரு சிப்பாய்க்கு வீட்டிலிருந்தோ நண்பர்களிடமிருந்தோ காலுறைகளும், இரண்டு ஜோடி செருப்பும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பிய செய்தியைச் சொல்கிறது. உலகத்தையே கட்டி ஆண்ட படையின் சிப்பாய்க்கு ஜட்டியை ஊரிலிருந்து அனுப்பினார்கள்!

அப்படியானால் சிவப்பு எங்கே?

சிவப்பே கிடையாது என்று சொல்லிவிட்டால் அது இன்னொரு பொய். மஞ்சிட்டி வேரிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் ரோமர்களுக்கு மலிவாகவே கிடைத்தது. கொஞ்சம் கையில் காசு புரண்ட சிப்பாய் சிவப்புப் போர்வை வாங்கியிருப்பான். ரோமாபுரிக் கவிஞர் மார்ஷியல் ஒரு கேலிக் குறிப்பில் சிப்பாய்களையும் சிறுவர்களையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு பேருக்கும் சிவப்பில் ஆசை என்று கிண்டல் செய்திருக்கிறார். ஆசை இருந்ததற்குச் சாட்சி உண்டு. எல்லோருக்கும் சிவப்புதான் சீருடை என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை. ஆதிகால ரோமச் சிப்பாய்கள் சிவப்பு உடுத்தியதாக ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் இசிடோர் எழுதியது உண்மைதான். ஆனால் அவர் வாழ்ந்தது கி.பி. ஏழாம் நூற்றாண்டில்! தாத்தாவின் தாத்தாவுடைய கல்யாணத்தில் என்ன பாயசம் என்று இன்று சொல்வதுபோல.

சிவப்புக்கு என்று தனி வேலை ஒன்று இருந்தது. நாளை சண்டை என்றால், தளபதியின் கூடாரத்துக்கு முன் ஒரு சிவப்பு அங்கியை உயரத் தொங்கவிடுவார்கள். ஹனிபாலிடம் ரோமர்கள் மண்ணைக் கவ்விய கன்னே போருக்கு முன், கி.மு. 216-ல், வாரோ என்ற தளபதி இப்படித்தான் தொங்கவிட்டான். சீஸரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் பிலிப்பி போர்க்களத்தில் தொங்கவிட்டதும் அதே சிவப்புதான். அந்தத் துணியைப் பார்த்ததும் முகாமில் வாள்களைத் தீட்டும் சத்தம் கேட்கும்.

தளபதியின் மேலாடை சிவப்பு அல்லது ஊதா. கி.மு. 53-ல் பார்த்தியர்களோடு மோதப் போன கிராசஸ், அன்று காலை ஏதோ ஞாபகமாகக் கறுப்பு மேலாடையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான். தவறு தெரிந்ததும் ஓடிப்போய் மாற்றினான். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அபசகுனம் என்று முகம் வாடியது. அந்தப் போரில் கிராசஸும் போனான், படையும் போயிற்று. கறுப்பினால்தான் தோற்றான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு துணியின் நிறம் ஒரு படையின் நெஞ்சை எப்படிக் கலக்கியது என்பதற்கு இது போதும்.

ஊதா நிறம் கடல் நத்தையிலிருந்து வந்தது. ஒரு துளிச் சாயத்துக்கு எத்தனையோ நத்தைகள் சாக வேண்டும். அது பணக்காரர் நிறம். ஏழைகளுக்கு மஞ்சிட்டிச் சிவப்பையும் நீலத்தையும் கலந்து "டூப்ளிகேட்" ஊதா போட்டுக் கொடுக்கும் சாயக்காரர்கள் இருந்தார்கள். எகிப்துப் பாலைவனத்தில் கல்லுடைக்கும் முகாம்களில் கிடைத்த கந்தல்களில் இந்தப் போலி ஊதா ஏராளம்!

இன்னொரு விசித்திரம் நீலம். வேவு பார்க்கும் சிறு படகுகளின் பாய், கயிறு, படகோட்டிகளின் உடை எல்லாவற்றுக்கும் கடல் அலையின் நீல நிறம் பூசினார்கள் என்று வெஜீஷியஸ் என்ற ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் கடலோடு கடலாகத் தெரியுமாம். காட்டுக்குப் பச்சை, பாலைவனத்துக்கு மண்நிறம் என்று இன்றைய ராணுவம் செய்வதை அவர்கள் அன்றே கடலில் செய்தார்கள்.

தமிழிலும் இதற்கு ஒரு சின்ன ஒட்டு உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனின் கூடாரத்தைக் காத்து நிற்கும் யவனர்கள் வருகிறார்கள். அவர்கள் "மெய்ப்பை" அணிந்திருந்தார்கள் என்கிறார் புலவர் நப்பூதனார். மெய்ப்பை என்றால் உடம்பை மூடும் பை, அதாவது சட்டை. யவனர் என்ற சொல் கிரேக்கர், ரோமர் எல்லோருக்கும் பொது. அவர்கள் ரோமப் படையிலிருந்து வந்தவர்களா என்பது வேறு விஷயம். சட்டையைக் கவனித்த புலவர், நிறத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்பதுதான் குறை.

கோபுரத்தில் கிடைத்த கேடயம்

சிப்பாய்களின் அங்கி எல்லாம் ஏறக்குறைய ஒரே வெள்ளை என்றால், போர்க்களத்தில் யார் எந்தப் படை என்று எப்படித் தெரியும்? அந்த வேலையைச் செய்தது கேடயம்.

ரோமர்களிடம் இருந்த லட்சக்கணக்கான கேடயங்களில், சினிமாவில் வருவதுபோல வளைந்த நீள்சதுரக் கேடயம், வண்ணத்தோடு முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். டெரன்ஷியஸ் பூஜை செய்த அதே தூரா-யூரோப்பஸில், கோட்டையின் 19-வது கோபுரத்தில் அது கிடைத்தது. 1928 முதல் 1937 வரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு அறிஞர்களும் சேர்ந்து அங்கே தோண்டினார்கள்.

சுமார் கி.பி. 256-ல் பாரசீகப் படை அந்த நகரை முற்றுகையிட்டது. மதிலைப் பலப்படுத்த ரோமர்கள் உள்பக்கம் வீடுகளையும் தெருவையும் மண்ணால் நிரப்பிப் பெரிய கரை கட்டினார்கள். நகரம் விழுந்தது. பிறகு அங்கே யாரும் குடியேறவில்லை. அந்த மண்கரை, உள்ளே கிடந்ததையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டியதுபோல் காத்தது.

19-வது கோபுரத்தின் அடியில் நடந்தது பயங்கரம். பாரசீகர்கள் கோபுரத்தைச் சாய்க்கச் சுரங்கம் தோண்டினார்கள். ரோமர்கள் உள்ளிருந்து எதிர்ச் சுரங்கம் தோண்டினார்கள். அந்த எதிர்ச் சுரங்கத்தில் சுமார் இருபது ரோமச் சிப்பாய்களின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. கந்தகமும் நிலக்கீலும் எரித்த புகையால் பாரசீகர்கள் அவர்களை மூச்சடைக்கச் செய்திருக்கலாம் என்று இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சைமன் ஜேம்ஸ் 2009-ல் கருத்துச் சொன்னார்.

அப்படிப்பட்ட இடத்தில் கிடைத்தது அந்தக் கேடயம். உயரம் 105.5 சென்டிமீட்டர். துண்டு துண்டாக உடைந்து, தட்டையாக நசுங்கிக் கிடந்ததை ஒட்டிச் சேர்த்து மறுபடி வளைவாக்கினார்கள். கையில் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு முதல் ஆச்சரியம் அதன் கனம். ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்தான்! மெல்லிய மரப்பட்டிகளை மூன்று அடுக்காக, ஒன்றுக்கு ஒன்று குறுக்கே வைத்து ஒட்டியிருக்கிறார்கள். இன்றைய பிளைவுட் பலகையும் இதே சூத்திரம்தான். அதன்மேல் துணி, அதன்மேல் மெல்லிய தோல், அதன்மேல் வண்ணம்.

வண்ணம் என்றால் சாதாரண வண்ணமா! பின்னணி நல்ல சிவப்பு. (சினிமாக்காரர்கள் இந்த ஒரு இடத்தில் தப்பினார்கள்.) நடுவில் கைப்பிடியை மூடும் உலோகக் குமிழ் இருந்த இடம், குமிழைக் காணவில்லை. மேலே வெற்றி மாலையோடு கழுகு. இரண்டு பக்கமும் இறக்கை விரித்த வெற்றித் தேவதைகள். கீழே சிங்கம். இவற்றைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அலங்காரக் கரை. ஒரு நல்ல பட்டுச் சேலையின் முந்தானையை விரித்ததுபோல் இருக்கிறது. போர்க்களத்தில் ஈட்டி குத்துவதற்கென்று செய்த பொருளில் இத்தனை வேலைப்பாடா என்று பார்ப்பவர்கள் திகைக்கிறார்கள்.

அதே மண்கரையிலிருந்து 1935-ல் மூன்று முட்டை வடிவக் கேடயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. ஒன்றில் டிராய் நகரப் போர், மரக்குதிரை சகிதம். இன்னொன்றில் அமேசான் வீராங்கனைகளோடு நடந்த சண்டை. மூன்றாவதில் ஒரு போர்த் தெய்வம். அதற்கு முன்பே, 1923-ல், ஒரு கேடயத்தின் தோல் உறை கிடைத்திருந்தது. அதில் கருங்கடல் கரையும், கப்பல்களும், வழியில் வரும் ஊர்ப் பெயர்களும்! இன்று அது பாரிஸ் நகரில் இருக்கிறது. தான் நடந்த ஊர்களைக் கேடயத்தில் எழுதிவைத்துக்கொண்ட அந்தச் சிப்பாயை நினைத்தால், ரயில் டிக்கெட்டுகளைப் பத்திரமாகச் சேர்த்துவைக்கும் பெரியவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

சிவப்புக் கேடயம் இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அது ஒருவகையில் அதிர்ஷ்டம். 2011-ல் தொடங்கிய சிரியா உள்நாட்டுப் போரின்போது தூரா-யூரோப்பஸைக் கொள்ளைக்காரர்கள் அம்மை வடுபோல் குழிகுழியாகத் தோண்டிவிட்டார்கள். வானிலிருந்து எடுத்த படங்களில் அந்தக் குழிகள் தெரிகின்றன.

உறையும் பெயரும்

இவ்வளவு வண்ணமும் எப்போதும் வெளியே தெரிந்துகொண்டிருக்காது. மரமும் தோலும் பசையும் மழைக்கு ஆகாதவை. ஆகவே பயணத்தில் கேடயத்துக்கு ஆட்டுத்தோல் உறை போட்டிருப்பார்கள். புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல. சண்டைக்கு முன்னால்தான் உறையைக் கழற்றுவார்கள்.

கி.மு. 57-ல் பிரான்ஸின் வடபகுதியில் ஓர் ஆற்றங்கரையில் ஜூலியஸ் சீஸரின் படை முகாம் போட்டுக்கொண்டிருந்தது. நெர்வி என்ற இனத்தார் காட்டிலிருந்து பாய்ந்து வந்து ஆற்றைக் கடந்துவிட்டார்கள். தலைக்கவசம் மாட்ட நேரமில்லை, அடையாளச் சின்னங்களைச் செருக நேரமில்லை, கேடயத்தின் உறையைக் கழற்றக்கூட நேரமில்லை என்று சீஸரே எழுதியிருக்கிறார். அவரும் கேடயம் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டார். பின்வரிசையில் நின்ற ஒரு சிப்பாயின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னே ஓடினார். பறிகொடுத்த சிப்பாயின் கதி என்ன ஆயிற்று என்று அவர் எழுதவில்லை!

குழப்பத்தில் சிப்பாய் தன் கூட்டத்தைவிட்டுப் பிரிந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு படைப்பிரிவும் கேடயத்தில் தனக்கென்று ஒரு சின்னம் தீட்டியது என்கிறார் வெஜீஷியஸ். சிப்பாயின் பெயரையும், அவன் எந்தப் பிரிவு, எந்த நூற்றுவர் குழு என்பதையும் அதில் எழுதுவார்களாம். கி.பி. 88-ல் டேசியா போரில் ஜூலியானஸ் என்ற தளபதியும் இதே உத்தரவைப் போட்டான்: அவரவர் பெயரையும் தலைவன் பெயரையும் கேடயத்தில் எழுது. நன்றாகச் சண்டை போட்டவன் யார், பின்வாங்கியவன் யார் என்று சுலபமாகத் தெரிந்துவிடும் அல்லவா?

எந்தப் படைக்கு என்ன சின்னம் என்று ஒரு முழுப் பட்டியல் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கிடைத்தது. "நொட்டீஷியா டிக்னிடாட்டம்" என்பது அதன் பெயர். கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய அரசாங்கப் பதவிப் பட்டியல். அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கேடயங்கள் வண்ணத்தில், படைப் பெயரோடு. வட்டத்துக்குள் வட்டம், நட்சத்திரம், சக்கரம், எதிரெதிரே பார்க்கும் மிருகத் தலைகள். இரண்டொன்று சீனாக்காரர்களின் பாதி கறுப்பு பாதி வெள்ளை வட்டச் சின்னத்தை அப்படியே உரித்துவைத்திருக்கின்றன. சீனாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் கற்பனைக்குதிரையைத் தட்டிவிட்டவர்கள் பலர்.

இதிலும் ஒரு சிக்கல். மூலச் சுவடி இல்லை. ஜெர்மனியில் ஸ்பேயர் நகரத்து மாதாகோயிலில் ஒரு பழைய பிரதி இருந்தது. அதைப் பார்த்து 15, 16-ம் நூற்றாண்டுகளில் எடுத்த நகல்கள்தான் மிச்சம். ஸ்பேயர் பிரதியும் பிறகு காணாமல்போய், அதன் ஒற்றை ஏடு மட்டும் வேறு எதற்கோ அட்டையாகப் பயன்பட்டுப் பிழைத்திருந்தது. நகலின் நகலில் நிறம் எத்தனை மாறியிருக்கும்? இன்னும் ஒரு படி மேலே போய், மூலத்தை வரைந்தவனையே சந்தேகித்தார் ராபர்ட் கிரிக் என்ற அறிஞர். 1983-ல் வெளியான கட்டுரையில், வரைந்தவன் பல இடங்களில் சின்னம் தெரியாமல் தானே கற்பனை செய்திருக்கிறான், போகப்போகச் சோம்பலில் ஒன்றையே திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறான் என்று காட்டினார். சர்க்கார் ஆபீஸ் பதிவேடுகளோடு பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

எதிரி படித்த சின்னம்

பட்டியலை நம்ப முடியாவிட்டாலும், சின்னங்கள் நிஜம். அவற்றை எதிரிகளும் படிக்கக் கற்றிருந்தார்கள். கி.பி. 357-ல் இன்றைய ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில் ஜூலியனின் ரோமப் படையை எதிர்த்து நின்ற அலமன்னி இனத்தார், எதிரே தெரிந்த கேடயச் சின்னங்களை உற்றுப் பார்த்தார்கள். முன்பு நம்மைத் துரத்தித் துரத்தி அடித்த படை இதுதான். ஆனால் சமீபத்தில் நம்மவர் சில பேருக்கே பயந்து ஒதுங்கியதும் இதே படைதான் என்று கண்டுகொண்டார்கள். உடனே அவர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று அமியானஸ் என்ற சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். கடைசியில் வென்றது ரோமர்கள்தான். ஆனால் ஒரு படையின் பழைய பெருமையும் பழைய அவமானமும் அதன் கேடயத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

ரோமனும் ரோமனும் மோதிக்கொண்டால்? கி.பி. 69-ல் அதுதான் நடந்தது. ஒரே வருஷத்தில் நான்கு சக்கரவர்த்திகள். அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு, வட இத்தாலியில் கிரிமோனா நகருக்கு வெளியே, விட்டெல்லியஸின் படையும் வெஸ்பாசியனின் படையும் மோதின. இரண்டு பக்கமும் ஒரே ஆயுதம். இருட்டு. "யார் அது?" என்று கேட்டுக் கேட்டு, ரகசியச் சொல்லும் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துபோயிற்று. கொடிகள் கை மாறி மாறிப் போயின.

விட்டெல்லியஸ் பக்கத்து 15-வது படையிடம் ராட்சதக் கல்லெறி யந்திரம் ஒன்று இருந்தது. அது எறிந்த பாறைகள் எதிர்வரிசையை நசுக்கிக்கொண்டிருந்தன. வெஸ்பாசியனின் சிப்பாய்கள் இரண்டு பேர் ஒரு காரியம் செய்தார்கள். பிணக் குவியலிலிருந்து எதிரிகளின் கேடயங்களை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நேராக எதிரிக் கூட்டத்துக்குள் நடந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. அங்கி ஒன்றுதான், வாள் ஒன்றுதான். கேடயம் "நம்ம ஆள்" என்று சொல்லியது. யந்திரத்தை எட்டியதும் அதன் முறுக்குக் கயிறுகளை வெட்டி எறிந்தார்கள். யந்திரம் படுத்துவிட்டது. அடுத்த நிமிஷமே இரண்டு பேரையும் குத்திக் கொன்றார்கள்.

அவர்கள் யார்? டேசிடஸுக்கே தெரியவில்லை. அங்கேயே செத்ததால் பெயர் போய்விட்டது, ஆனால் காரியத்தில் சந்தேகமே இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் கையில் கிடந்த கேடயங்கள் வேறு இரண்டு பேருடையவை.

பின்னால் நிலா எழுந்தது, பிறகு பொழுதும் விடிந்தது. விட்டெல்லியஸின் வரிசை உடைந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த ஜூலியஸ் மான்சூட்டஸ் என்ற சிப்பாய் 21-வது படையில் இருந்தான். வெகு காலத்துக்கு முன் சின்னப் பையனாக ஒரு மகனை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். அந்தப் பையன் வளர்ந்து எதிர்ப்பக்கத்து 7-வது படையில் சேர்ந்திருந்தான். ஒருவனுக்கு ஒருவன் முகம் தெரியாது. தந்தையின் கேடயத்தில் ஒரு படையின் சின்னம், மகனின் கேடயத்தில் இன்னொன்று இருந்திருக்க வேண்டும். மகன் வெட்டினான். விழுந்தவனைக் குனிந்து சோதித்தபோதுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டார்கள்.

மகன் தந்தையைக் கட்டிக்கொண்டு அழுதான். தன்னைச் சபிக்க வேண்டாம் என்று கெஞ்சினான். பிறகு உடலைத் தூக்கிக்கொண்டு போய், அந்தச் சண்டைக்கு நடுவிலேயே குழி தோண்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். செய்தி வரிசை முழுவதும் பரவியது. எல்லோரும் போரைத் திட்டினார்கள். ஆனால் வெட்டும் கை ஒன்றுகூட நிற்கவில்லை.